குண்டண்ணா இளைத்தபோது நான் சந்தேகப்பட்டவர்கள்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் உங்களை நம்பவில்லை. இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் சொந்த மகன் ஸ்டாக் எண்ணி எழுதிய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் நானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தவன். சரியாகத்தான் இருந்தது. அதற்காக அடுத்த மாதம் எண்ணாமல் விட்டேனா என்றால், இல்லை.

உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மகன்தான் கேட்டான். பில் போடுவது, ஆன்லைன் ஆர்டர் எடுப்பது எல்லாம் அவன் சொல்லித் தருவான். எனக்குத் தெரிந்தது வேறு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிருஷ்ணகிரியிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்தவன் நான். கோழிக்கடையில் கழிவு அள்ளினேன். அந்தக் கழிவை வேகவைத்து, நாய் வளர்க்கும் வீடுகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்து லிங்கராஜபுரத்தில் ஒரு நாய், பூனைத் தீனிக் கடை, பிறகு இன்னொன்று, பிறகு அத்திபெலேயில் மூன்றாவது. இங்கிலீஷ் எழுத்தை நான் கற்றுக்கொண்டதே தீனி மூட்டையின் முதுகில்தான். இன்றைக்கும் இங்கிலீஷ் செய்தித்தாள் வாசிக்கத் திணறுவேன். ஆனால் எந்த மூட்டையின் பின்பக்கத்தைக் காட்டினாலும், அதில் கோழி எவ்வளவு, சோளம் எவ்வளவு, கோழி என்று சொல்லிக்கொண்டு வேறு எதைப் போட்டிருக்கிறான் என்பதைச் சொல்லிவிடுவேன். பூனையைக் கையில் தூக்கினால் எடை சொல்வேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தவர்கள் எத்தனையோ பேர்.

இதெல்லாம் எப்படி வந்தது? யாரையும் நம்பாததால் வந்தது. கம்பெனி சேல்ஸ்மேன் சொன்னதை நான் நம்பியதில்லை. வாடிக்கையாளர் சொன்னதையும் நம்பியதில்லை. "எங்க நாய் சோத்தத் தொடறதே இல்லீங்க" என்பார்கள். வாசலில் கட்டியிருக்கும் நாயைப் பார்த்தால் தண்ணீர் டிரம் மாதிரி இருக்கும். என்னுடைய படிப்பு இந்தச் சந்தேகம்தான். அந்தப் படிப்பே ஒரு தடவை என்னைக் குப்புறத் தள்ளியது. ஒரு பூனையின் உயிர் அதில் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

குக் டவுன் பக்கம் ஒரு பழைய வீட்டில் வத்சலா அம்மா இருக்கிறார். அப்பா காலத்திலேயே அரசாங்க வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவரும் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுத்த சைவம், வெள்ளிக்கிழமை என்றால் வெங்காயம்கூடக் கிடையாது. அந்த வீட்டில் குண்டண்ணா என்று ஒரு ஆண் பூனை. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் மழையில் நனைந்து கார் ஷெட்டில் ஒதுங்கியது, அப்படியே தங்கிவிட்டது. ஆரஞ்சு நிறம். அந்தப் பெயருக்கு ஏற்ற உடம்பு. நான் தூக்கிப் பார்த்து ஐந்தரை கிலோ சொன்ன பூனை அது.

சைவ வீட்டில் பூனைக்கு என்ன போடுவது? பாக்கெட் பிஸ்கட். அதிலும் மீன்தான் இருக்கிறது என்று வத்சலா அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது காய்ந்து, உருண்டையாகி, பாக்கெட்டுக்குள் வந்துவிட்டால் அவருக்கு மருந்து மாத்திரை மாதிரி. படத்தைப் பார்க்காமல் டப்பாவில் கொட்டி மூடிவிடுவார். ஈரத் தீனி பவுச் மட்டும் ஆகாது. அதைப் பிரித்தால் வரும் வாசனை பூஜை அறை வரைக்கும் போகும். எங்கள் கடையில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சைவ வீடு என்று தெரிந்தால் நம் கை தானாக பிஸ்கட் அலமாரிக்குப் போகும். போன வாரம் உங்களில் ஒருவர் கையும் அப்படித்தான் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் வத்சலா அம்மா பூனையைப் பிரம்புக் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். கூடையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, "முனுசாமி, இது நாலாவது பிராண்டு. இதையும் மோந்து பாத்துட்டுப் போறான். ஏன் மாடோது, என்ன பண்றது, சொல்லுங்க?" என்றார். கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் அவருக்குக் கன்னடம் நுழைந்துவிடும்.

நான் தூக்கினேன். கை சொன்னதை என்னாலேயே நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை தூக்கினேன்.

"நாலு இருநூறும்மா" என்றேன்.

தராசில் நாலு இருநூற்று முப்பது காட்டியது. கடையில் இருந்த இரண்டு பேர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன். பூனையின் முதுகெலும்பு விரலில் சீப்பு மாதிரி தட்டியதைவிட, என் கணக்கு சரியாக வந்ததைத்தான் அந்த நிமிடம் நான் நினைத்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டினேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. கிட்னி லேசா ஆரம்பம்னு சொன்னாங்க, அந்த வயசுக்கு அது சகஜமாம். ஆனா இவ்வளவு இளைக்க அது காரணம் இல்லையாம். வாயத் தொறந்து பாக்க விடமாட்டேங்கறான். மயக்க ஊசி போட்டுப் பாக்கணும், கூட்டிட்டு வாங்கன்னாங்க."

இங்கேதான் என் முதல் சந்தேகம். டாக்டர்மேல். "மயக்க ஊசியா? பதிமூணு வயசுப் பூனைக்கா? அம்மா, அவங்க அப்படித்தான் சொல்வாங்க. மயக்கத்துல இருந்து எந்திரிக்காமப் போன பூனை எத்தனை நான் பாத்திருக்கேன் தெரியுமா?" என்றேன். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் 'எத்தனை' என்று சொல்லும்போது வாடிக்கையாளர் கண்ணில் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதைக்காக எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். வத்சலா அம்மா டாக்டரிடம் போகவில்லை.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். "பாக்கெட் எத்தனை நாள்ல காலியாகுது?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாள்."

இது கேட்க வேண்டிய கேள்விதான், நீங்களும் கேளுங்கள். ஒன்றரைக் கிலோ பாக்கெட் அந்தப் பூனைக்கு மூன்று வாரத்துக்கு மேல் வர வேண்டும். பாக்கெட் வேகமாகத் தீர்கிறது, பூனை வேகமாக இளைக்கிறது. அப்படியானால் தீனி எங்கே போகிறது?

"தட்டு?"

"தட்டு காலியாத்தான் இருக்கும். நான் குளிச்சு, பூஜை முடிச்சு வர்றதுக்குள்ள சுத்தமா காலி. அதான் எனக்குப் புரியல. என் கண்ணு முன்னாடி வச்சா மோந்து பாத்துட்டுப் போறான்."

"தட்டை வைக்கிறது யாரு?"

"ஸ்டெல்லா. காலைல வேலைக்கு வர்றாளே, அவதான். ஒம்பது வருஷமா இருக்கா. நல்ல பொண்ணு."

நான் ஒரு சிரிப்பு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை. "நல்ல பொண்ணுதாம்மா. ஒம்பது வருஷம் ஆனாத்தான் எந்த டப்பா எங்க இருக்குன்னு முழுசாத் தெரியும்."

வத்சலா அம்மா முகம் மாறியது. "சும்னே ஒருத்தர்மேல பழி போடாதீங்க முனுசாமி" என்றார்.

சும்மா போடவில்லை என்று காட்ட வேண்டுமே எனக்கு. ஸ்டெல்லா லிங்கராஜபுரத்துக்காரி. நம் முதல் கடைக்குப் பின்னால், மாதா கோயில் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் எனக்குத் தெரியும். நான்கு நாள் வேலை மெனக்கெட்டு ஒரு பேக்கரி வாசலில் நின்றேன். நான்காவது நாள் பிடித்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராகச் சந்து மூலைக்குப் போனாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கீழே கொட்டினாள். மூன்று தெருப்பூனைகள் ஓடி வந்தன. அவள் போனதும் நான் போய்க் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஓட்டை வைத்த சின்ன வட்டம். வயதான பூனைக்கான ரகம். அந்த வட்டாரத்தில் அதை என் கடையில் மட்டும்தான் வைத்திருந்தோம்.

அன்று நான் நடந்து வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வத்சலா அம்மாவுக்குப் போன் செய்தேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். "நீங்களே பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். "என் ரெண்டு கண்ணால" என்றேன். மறுநாளே ஸ்டெல்லாவை நிறுத்திவிட்டார்.

எனக்கு ஒரே பெருமை. கடையில் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரால் கண்டுபிடிக்க முடியாததை ஐந்தாம் வகுப்பு முனுசாமி கண்டுபிடித்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பிரம்புக் கூடை மறுபடியும் கவுண்டருக்கு வந்தது. நான் தூக்கினேன். இந்தத் தடவை எடை என்ன என்று உரக்கச் சொல்ல வாய் வரவில்லை. தராசில் வைத்தேன். மூன்று முந்நூறு. ஒரு பழைய ஸ்வெட்டரைத் தூக்கினது போல இருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நக்கிச் சுத்தம் செய்துகொள்வதைக்கூட விட்டுவிட்டது. முதுகு முடி திரிதிரியாக நின்றது.

"இப்ப பாக்கெட் அப்படியே இருக்கு, முனுசாமி" என்றார் வத்சலா அம்மா. "நீங்க சொன்ன மாதிரி யாரும் எடுக்கல. இவனும் எடுக்கல."

அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை. அடுத்ததாகக் கம்பெனியைச் சந்தேகப்பட்டேன். சரக்கில் கோளாறு என்று மூட்டையைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை நானே கடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஸ்டெல்லாமேலேயே மறுபடியும் போனது புத்தி. வேலையை விட்டுப் போகும்போது பூனைக்கு எதையாவது வைத்துவிட்டுப் போய்விட்டாளோ? வத்சலா அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவு அறிவு இருந்தது. கூடையை அவரோடு அனுப்பிவிட்டு, நேராக ஸ்டெல்லா வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து அயிலை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாங்கண்ணே. இன்னிக்கு என்னத்தத் திருடினேன்னு சொல்ல வந்தீங்க?"

"பூனை சாகக் கெடக்குது. அதுக்கு என்ன வச்சுட்டுப் போன?"

அவள் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். "எவ்வளவு இருக்கான்?"

"என்ன?"

"எடைண்ணே. தூக்குனா சொல்வீங்களே, பெரிய வித்தை. எவ்வளவு இருக்கான்?"

"மூணு முந்நூறு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாதாவே. நான் இருந்த வரைக்கும் நாலுக்குக் கீழ எறங்க விடலயே."

அப்போதுதான் என் மண்டைக்குள் ஏதோ இடறியது. இவள் இருந்தபோது பாக்கெட் தீர்ந்தது, பூனை கொஞ்சமாக இளைத்தது. இவள் போன பிறகு பாக்கெட் நிற்கிறது, பூனை கவிழ்கிறது. திருட்டு என்றால் இப்படி வராதே. நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"அவனுக்கு வாய் வலிண்ணே" என்றாள். "பசி இருக்கு. தட்டு சத்தம் கேட்டா ஓடி வருவான். ஒண்ண வாயில போடுவான், இந்தப் பக்கமா தலையச் சாய்ச்சு ஒரு கடி. அவ்வளவுதான், கீழ போட்டுருவான். கையால மூஞ்சியத் தேய்ப்பான். நீங்க ஆயிரம் பிராண்டு மாத்துங்க, கல்லு கல்லுதான? நான் வீட்ல இருந்து மீன் வேகவச்சு எடுத்துட்டுப் போவேன். உப்பு கெடையாது, மசாலா கெடையாது, முள்ள எடுத்துட்டு. பிஸ்கட்டத் துணில சுத்தி அம்மிக்கல்லால பொடி பண்ணி, வெந்நி ஊத்தி, மீனோட பெசஞ்சு, அம்மா பூஜைல இருக்கறப்ப பின்னாடி துணி தொவைக்கற எடத்துல வைப்பேன். நக்கி நக்கித் தின்னுருவான். கல்லு பிஸ்கட்டு தட்டுல அப்படியே இருக்கும். அதப் பாத்தா அம்மா மத்தியானம் சோறு சாப்பிட மாட்டாங்க. அதான் அள்ளி எடுத்துட்டு வந்து தெருப்பூனைக்குப் போட்டேன்."

"இதை அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எதச் சொல்ல? அந்த வீட்டுக்குள்ள மீன் கொண்டு போனேன்னா? திருடினேன்னு சொல்லிட்டுக்கூட அங்க வேலை செய்யலாம். மீன் கொண்டு போனேன்னு சொல்லிட்டு வாசல்படி மிதிக்க முடியுமா?"

"நிறுத்தினப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"கேட்டாங்களா? பிஸ்கட் எடுத்தியான்னு கேட்டாங்க. எடுத்தேன்னேன். பூனை ஏன் சாப்பிடலன்னு அவங்களும் கேக்கல, பேக்கரில நின்னு நாலு நாள் என்னைப் பாத்துட்டு இருந்தீங்களே, நீங்களும் கேக்கல."

அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான்கு நாளும்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போதும் நான் அவளை முழுசாக நம்பவில்லை. கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் கதை என்றாலே எனக்கு ஆகாது. அவளுக்கு அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் இரண்டு மீன் துண்டை வேகவைத்து, முள் எடுத்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"என்ன நம்ப வேணாம்ணே. வச்சுட்டு, உக்காந்து பாருங்க."

உட்கார்ந்து பாருங்கள். இதைச் சொன்னதும் எனக்கு ஒரு கம்பவுண்டர் நினைவு வந்தார். சைக்கிளில் தீனி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். எந்த மிருகம் வந்தாலும் முதலில் தட்டை வைப்பார். வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடியும் வரை பேசமாட்டார், மிருகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எப்படி வருகிறது, எந்தப் பக்கம் கடிக்கிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது. சொந்தக்காரர் ஏதாவது சொல்ல வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த ஒரே பள்ளிக்கூடம் அவர்தான். அதை நான் எப்போது விட்டேன் என்று யோசித்தேன். கவுண்டர் வந்ததும் விட்டிருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள்தான் நிற்கிறார்கள். பூனை சாப்பிடுவதைக் கடைசியாக நான் எப்போது பார்த்தேன்? எனக்கே தெரியவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு வத்சலா அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் மூக்கு சட்டென்று சுருங்கியது.

"என்ன அது?"

"முதல்ல பிஸ்கட்ட வைங்கம்மா. நான் பாக்கணும்."

வைத்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். தட்டுச் சத்தம் கேட்டதும், நிற்கவே தெம்பில்லாத அந்தப் பூனை சோஃபாவுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. மெதுவாகத்தான் வந்தது; ஆனால் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. சாப்பாடு பிடிக்காத பூனை அப்படி வராது. மோந்து பார்த்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்தது. தலையை வலது பக்கமாகச் சாய்த்தது. கடித்தது. உடனே உதறிக் கீழே போட்டது. முன்காலால் வாயோரத்தைத் தேய்த்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பிப் போனது.

எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஸ்டெல்லா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அது செய்துகாட்டிவிட்டது.

"அம்மா, இது மீன்" என்று டப்பாவைக் காட்டினேன். "ஸ்டெல்லா குடுத்து அனுப்பினா." அவள் சொன்னதையெல்லாம் சொன்னேன். பின்பக்கத்தில் மீன் வைத்தது, தட்டிலிருந்து பிஸ்கட்டை அள்ளியது, எல்லாம். நான் டாக்டரைப் பற்றி உளறியதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை.

வத்சலா அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தனை மாசமா இந்த வீட்ல மீன் வருது?"

"அஞ்சு மாசமாம்."

அவர் பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குண்டண்ணாவைப் பார்த்தார். அது சோஃபாவுக்கு அடியில் போகாமல், பாதி வழியில் என் டப்பாவை நோக்கித் திரும்பி நின்றது. மூக்கு ஆடியது.

"வெந்நீர் வேணுமா?" என்று கேட்டார்.

பிசைந்து அவர் கையாலேயே வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிசைந்தார், ஆனால் பிசைந்தார். பூனை நக்கத் தொடங்கியது. நாலு நக்கு நக்கி நிறுத்தும், மூச்சு வாங்கும், மறுபடி நக்கும். நான் பீடி குடிப்பதில்லை. இருந்தாலும் ஒரு பீடி நேரம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே டாக்டரிடம் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பூனை ரெண்டு மூணு நாள் சரியா சாப்பிடலன்னாலே ஈரல் கெட ஆரம்பிக்கும். மூணு வாரம் வீட்ல வச்சிருந்தீங்களா?" என்றார். மயக்க ஊசி பற்றி நானே கேட்டேன். "ரிஸ்க் இருக்கு. அன்னிக்கு கம்மியா இருந்தது, இப்ப ஜாஸ்தியா இருக்கு" என்றார்.  இரண்டு நாள் டியூப் வழியாகவும் குளுக்கோஸிலும் உடம்பைத் தேற்றி, மூன்றாவது நாள் மயக்கம் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் வத்சலா அம்மா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நான் பார்த்த அந்த ஒரு பூனை, எழுந்திருக்காமல் போன அந்தப் பூனை, அன்றைக்கு என் கண்ணிலேயே நின்றது. அதை 'எத்தனை' என்று சொன்னது யார்?

கடைவாய்ப் பல் இரண்டு, வேர் வரைக்கும் அழுகியிருந்தது. எடுத்தார்கள். குண்டண்ணா மயக்கம் தெளிந்து எழுந்து முதலில் டாக்டரின் கையைக் கீறியது. "இது பொழச்சுக்கும்" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே.

இனி அதற்கு எந்தத் தீனி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கிட்னிக்கு ஏற்ற ஈரத் தீனி, பவுச். லேசாக வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. வத்சலா அம்மா சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இது உங்க கடையில இருந்ததா, முனுசாமி?"

"இருந்ததும்மா."

"எங்க?"

"பிஸ்கட்டுக்கு அடுத்த அலமாரி."

நான்கு பிராண்டு மாற்றிக் கொடுத்தேன். நான்கும் ஒரே அலமாரி. நான் தீனி தேர்ந்தெடுத்தது அந்த வீட்டுச் சமையலறையின் மூக்குக்கு, பூனையின் பல்லுக்கு அல்ல. 

ஆகவே பிள்ளைகளே, சந்தேகப்படுங்கள். அதை விடச் சொல்ல மாட்டேன். வயதான பூனை இளைக்கிறது என்று யாராவது வந்து நின்றால், முதலில் நம் அலமாரியைச் சந்தேகப்படுங்கள். மோந்து பார்த்துவிட்டுப் போகிறதா, மோந்து பார்க்கவே வரவில்லையா என்று கேளுங்கள். இரண்டும் வேறு. தட்டை வைப்பது யார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைப் போலச் சிரிக்காதீர்கள், அவரைக் கடைக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். டாக்டர் பார்க்காமல் ஐந்தாவது பிராண்டு கொடுக்காதீர்கள். கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்டெல்லா விஷயம் பாக்கி இருக்கிறது. வத்சலா அம்மா தானே அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார். அவள் வர ஒப்புக்கொண்டாள். இரண்டு நிபந்தனை போட்டாள். பின்பக்கத்தில் பூனைக்கென்று தனியாக ஒரு அலமாரி, ஒரு ஸ்டவ். இனிமேல் ஒளித்து வைக்கும் வேலை கிடையாது. இரண்டாவது, கடைக்காரண்ணன் அந்த வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் தன் வாயால் சொல்ல வேண்டும்.

போனேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனேன், ஏன் என்று தெரியவில்லை. வத்சலா அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குண்டண்ணா அவர் மடியில். தூக்கிப் பார்க்காமலே தெரிந்தது, நாலு கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று கடை நடத்திய நான், எத்தனையோ சேல்ஸ்மேனை ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிய நான், தொண்டையைச் செருமிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னேன். "நான் பாத்தது சரி. நெனச்சது தப்பு. ஸ்டெல்லா திருடல."

 சொல்லி முடித்துவிட்டோம் என்று நான் செருப்புப் பக்கம் நகர்ந்தேன்.

"அண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. குண்டண்ணாவுக்கு வயசாயிடுச்சு, காது சரியாக் கேக்கல."